அறுவடைத் தூசியும் குழந்தைகளின் இளைப்பும்: இன்ஹேலர் 'பழகிடுமா'?

தஞ்சை டெல்டாவில் தை, மாசி என்றாலே சம்பா அறுவடைதான். அறுவடை மெஷின் கிளப்பும் தூசி, வைக்கோல் எரிக்கும் புகை இரண்டுமே ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு இளைப்பைத் தூண்டலாம்.

வேறு என்ன காரணம்?
சளி பிடிப்பது, மழைக்கால ஈரச் சுவரில் பூஞ்சை, விறகடுப்பு, கொசுவர்த்தி, பீடிப் புகை. பெற்றோருக்கு ஆஸ்துமா இருந்தால் குழந்தைக்கும் வர வாய்ப்பு அதிகம்.

இன்ஹேலர் எதற்கு?
சால்பியூட்டமால் சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் தளர்த்தும். ஆனா உள்ளே இருக்கும் வீக்கம் போகாது. அதைக் குறைப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர். 'இப்போ நல்லாத்தானே இருக்கான்' என்று டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தினால், இளைப்பு திரும்ப வரலாம்.

பழகிடுமா?
பழகாது. மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் மாத்திரை, சிரப்பை விடக் குறைந்த அளவே போதும். சின்னக் குழந்தைகளுக்கு ஸ்பேசர் வைத்துக் கொடுக்க வேண்டும்.

ஏன் அலட்சியம் கூடாது?
2019 கணக்கீட்டின்படி, உலக ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13% பேர் இந்தியர்கள். ஆஸ்துமா மரணங்களிலோ 40%-க்கும் மேல் இங்கேதான். தடுப்பு இன்ஹேலரைப் பலர் பயன்படுத்தாததும் இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

உடனே 108-ஐ அழைக்க வேண்டியது எப்போது?
குழந்தை பேச முடியாமல் திணறினால், விலா உள்ளே இழுத்தால், உதடு நீலமானால்.