அரச கணினிகளின் சான்றிதழ்களுக்கு யார் பொறுப்பு?

ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியொன்றைப் பெறுவதற்காகப் பதுளைக்கு வரும் தொழிலாளி அன்றைய 'பேரை' இழந்தே வருகின்றார். நகரின் முஸ்லிம் சிறுவியாபாரியும் கடையைப் பூட்டிவிட்டே அரச அலுவலகத்தின் வாயிலில் காத்திருக்கின்றார். கணினி இயங்கவில்லை, நாளை வாருங்கள் என்று இவர்களிடம் கூறப்படுமாயின், அதன் நட்டத்தை இவர்களே சுமக்க வேண்டியுள்ளது.

அரச சேவைகள் கணினிமயமாவதை நாம் வரவேற்கின்றோம். ஆயினும் 2023ஆம் ஆண்டில் கிடைத்த பாடத்தை மறந்துவிட முடியாது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் இலங்கை அரச மேகக் கணினி வலையமைப்பு கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதலுக்குள்ளானது. அரச மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000 பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் மீட்க முடியாதவாறு அழிந்தன. மின்னஞ்சல் மென்பொருள் காலாவதியான 2013ஆம் ஆண்டுப் பதிப்பாக இருந்தது. அக்காலப்பகுதிக்குரிய மாற்றுப் பிரதியும் இருக்கவில்லை. உரிய வேளையில் புதுப்பிக்கப்படாமையே இங்கு அடிப்படைக் குறைபாடாகும். அதே குறைபாடு மற்றொரு வடிவில், எவரது கண்ணிலும் படாமல், பாதுகாப்புச் சான்றிதழ்களிலும் மறைந்திருக்கின்றது.

முன்னர் ஒவ்வொரு பணிக்கும் தனித்தனி வழங்கிக் கணினி இருந்தது. இன்று ஒரே வழங்கிக்குள் பல மெய்நிகர் கணினிகள் இயங்குகின்றன. அவை அனைத்தையும் ஒரு முகாமைத்துவ மென்பொருள் ஆள்கின்றது. லயன் வரிசையில் ஒரே கூரையின் கீழ் பல காம்பராக்கள் இருப்பதை இதற்கு ஒப்பிடலாம். செலவு குறைவு என்பது உண்மையே. ஆனால், கூரையில் தீப்பற்றினால் எந்தக் காம்பராவும் தப்பாது.

அம்முகாமைத்துவ மென்பொருள் தன்னை மெய்யானதென நிரூபிப்பதற்குக் காட்டும் அடையாள அட்டையே பாதுகாப்புச் சான்றிதழாகும். அதனை மென்பொருள் தனக்குத் தானே வழங்கிக்கொள்ளலாம்; அல்லது உலகம் ஏற்றுக்கொண்ட மூன்றாந்தரப்பு அதிகார சபையொன்றிடம் பெறலாம். பின்னையதே உறுதியானது. ஆயினும் அதைப் பொருத்துவதில் சிறு தவறும் பெரும் தடையாகிவிடுகின்றது. சான்றிதழில் உள்ள பெயரும் வழங்கியின் பெயரும் பொருந்தாமை, இடைநிலைச் சான்றிதழ் விடுபட்டு நம்பிக்கைச் சங்கிலி அறுபடுதல், இரகசியத் திறவுகோல் மாறிவிடுதல், வழங்கியின் கடிகாரம் பிழையாக இருத்தல் ஆகியன வழக்கமான காரணங்களாகும்.

சான்றிதழ் காலாவதியானாலும் மெய்நிகர் கணினிகள் தொடர்ந்து இயங்கலாம். ஆனால் நிர்வாகியே உள்நுழைய முடியாமற் போகலாம். பரவலாகப் பயன்படும் வீஎம்வெயார் நிறுவனத்தின் வீசென்டர் மென்பொருளில், உள்ளகச் சான்றிதழொன்று காலாவதியானதால் பல நாடுகளின் நிர்வாகிகள் இந்நிலையை எதிர்கொண்டனர். இதனிலும் ஆபத்தானது பிறிதொன்று. புதிய சான்றிதழைப் பொருத்தியதும், மாற்றுப் பிரதி எடுக்கும் மென்பொருள் அதனை அடையாளங்காணாது தனது பணியை நிறுத்திவிடக்கூடும். தேவைப்படும் நாள் வரும்வரை அதனை எவரும் அறிய மாட்டார்கள்.

இவ்வாறான வேளைகளில் திரையில் தோன்றும் எச்சரிக்கையை அலட்சியம் செய்து 'தொடர்க' என்று அழுத்துவதே பல அலுவலகங்களில் வழக்கமாகிவிடுகின்றது. இது எத்துணை தவறு என்பதற்கு 2021 பெப்ரவரி 6ஆம் திகதி நிகழ்ந்தது சான்றாகும். அன்று கூகிள் உட்படச் சில இலங்கை இணைய முகவரிகளைச் சரியாகத் தட்டச்சு செய்தவர்களும் வேறொரு பக்கத்திற்குத் திசைதிருப்பப்பட்டனர். தேயிலைத் தொழில் உள்ளிட்ட நாட்டின் பிரச்சினைகள் பற்றிய வாசகங்களே அன்று அங்கு காணப்பட்டன. கடவுச்சொற்களைக் களவாடும் பக்கமாகவும் அது இருந்திருக்கலாம். போலியை இனங்காட்டுவதற்கெனவே சான்றிதழ் இருக்கின்றது. அதன் எச்சரிக்கையைப் புறக்கணிக்கப் பழகியவருக்கு அதனால் பயனில்லை.

இனிவரும் காலம் மேலும் கடினமானது. பொது அதிகார சபைகள் வழங்கும் சான்றிதழ்களின் ஆயுட்காலத்தைக் குறைக்க 2025ஆம் ஆண்டில் சர்வதேச மட்டத்தில் முடிவு செய்யப்பட்டது. 398 நாட்கள் என்ற எல்லை 2026 மார்ச் 15 முதல் 200 ஆகவும், 2027 மார்ச் 15 முதல் 100 ஆகவும், 2029 மார்ச் 15 முதல் 47 ஆகவும் குறைகின்றது. ஆண்டுக்கொருமுறை செய்த பணியையே தவறவிடுகின்ற நிருவாகம் மாதந்தோறும் எவ்வாறு செய்யப்போகின்றது என்பதே எமது கேள்வியாகும்.

எனவே ஒவ்வொரு அரச நிறுவனமும் தனது சான்றிதழ்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான உத்தியோகத்தரைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும். புதுப்பித்தல் தானியங்கு முறைக்கு மாற்றப்பட வேண்டும். சான்றிதழ் மாற்றப்படும் ஒவ்வொரு முறையும் மாற்றுப் பிரதியிலிருந்து தரவுகளை மீட்டுப் பார்ப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். கணினி இயங்காத நாளில் கையெழுத்து முறையில் சேவை வழங்கும் ஏற்பாடும் பிரதேச செயலகங்களில் இருத்தல் அவசியமாகும்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் முதல் 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை, கையில் ஒரு பத்திரம் இன்மையால் நாடற்றோராக வாழ்ந்தவர்கள் மலையக மக்கள். அடையாளத்தை நிரூபிக்குமாறு அவர்களிடம் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்ட அரசு, தனது கணினிகளின் அடையாளப் பத்திரங்களைக் காலாவதியாக விடுவதற்கு நியாயமேதுமில்லை.