பாதி வ.உ.சி.

செப்டம்பர் 5 வந்தால் வ.உ.சி. சிலைக்கு மாலைகள் குவிகின்றன. 2021-இல் அவரது 150ஆம் பிறந்த ஆண்டு அரசு விழாவாயிற்று. தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் அவர் பெயரைத் தாங்குகிறது. மகிழ்ச்சியே. ஆனால் பிப்ரவரி 27 யாருக்கு நினைவிருக்கிறது? 1908-இல் அன்றுதான் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்றனர். கூலி உயர்வும் வார விடுமுறையும் கிட்டின. மார்ச் 12-இல் தலைவர்கள் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலித் துப்பாக்கிச்சூட்டில் நால்வர் மாண்டனர்.

பிறந்தநாள் எவரையும் சங்கடப்படுத்துவதில்லை. வேலைநிறுத்த நாளோ முதலாளிகளையும் அரசுகளையும் இன்றும் உறுத்தும்; 2018 மே 22-இல் மீண்டும் துப்பாக்கிச்சூட்டைக் கண்ட ஊரில் கூடுதலாகவே உறுத்தும். கப்பலைக் காட்டி ஆலையை மறைக்கும் விழாவில் மாலை விழுவது பாதி வ.உ.சி.யின் கழுத்தில்தான்.