கட்டணம் கிடையாது... ஆனால், வேலை உண்டு!

ஒரு மாணவி துடைப்பம் கட்டுகிறார். இன்னொருவர் தறியில் நெய்கிறார். வேறொருவர் பண்ணையில் வேலை பார்க்கிறார். ஏதோ தண்டனை என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள பெரீயா கல்லூரியில் இதுவும் படிப்பின் ஒரு பகுதி!

சுமார் 1,500 பேர் படிக்கும் சின்னக் கல்லூரி இது. 1892 முதல் மாணவர்களிடம் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கே முன்னுரிமை. பதிலுக்கு, ஒவ்வொருவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும். அதற்குச் சம்பளமும் உண்டு. நன்கொடைகளை முதலீடு செய்து, அதில் வரும் வருமானத்தில்தான் பெரும்பகுதிச் செலவைச் சமாளிக்கிறார்கள்.

இந்தக் கல்லூரிக்கு வித்திட்டவர் ஜான் ஃபீ என்ற கிறிஸ்தவ போதகர். 'மனிதர்கள் எல்லோரும் ஒரே ரத்தம்' என்ற பைபிள் கருத்தை அப்படியே நம்பியவர். அடிமை முறை சட்டப்படி நடந்துகொண்டிருந்த மாநிலத்தில், 1855-ல் பள்ளி தொடங்கினார். நான்கே ஆண்டுகளில், ஆயுதங்களோடு வந்த கும்பல் அவரை ஊரைவிட்டே விரட்டியது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு திரும்பி வந்தார். 1866-ல் கறுப்பின, வெள்ளையின மாணவர்கள் அங்கே ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள்.

பின்னாளில் கறுப்பின வரலாற்று மாதத்துக்கு அடித்தளம் போட்ட வரலாற்று அறிஞர் கார்ட்டர் உட்சன், 1903-ல் இங்கே பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே இடி விழுந்தது. இரு இனத்தவரும் சேர்ந்து படிக்கக் கூடாது என்று கென்டக்கி அரசு சட்டம் போட்டது. கல்லூரி வழக்கு தொடுத்தது. 1908-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

வேறு வழியில்லாமல் கல்லூரி வெள்ளையினத்தவருக்கு மட்டுமானது. கறுப்பின மாணவர்களுக்காக, லூயிவில் நகருக்கு அருகே லிங்கன் இன்ஸ்டிடியூட் என்ற தனிப் பள்ளி தொடங்க நிதி திரட்டிக் கொடுத்தது. உதவிதான். ஆனாலும், யாருக்காகவும் தொடங்கப்பட்டதோ அவர்களுக்கே அந்தக் கல்லூரியில் இடமில்லை என்பதும் உண்மை. 1950-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் கதவு மீண்டும் திறந்தது. இடையில் போனது 46 ஆண்டுகள்!

இன்று எல்லா நிறத்தவரும் அங்கே சேர்ந்து படிக்கிறார்கள், சேர்ந்தே வேலையும் பார்க்கிறார்கள். கட்டணம் வேண்டாம் என்று ஒரு கல்லூரியே முடிவெடுத்துவிட முடியும். கதவை எல்லோருக்கும் திறந்துவைக்க, சட்டமும் கூடவே நிற்க வேண்டும்!