ஒரு சாண் ஏவூர்தி

பெருவினை எதுவும் பெரும்பொருளோடுதான் தொடங்கவேண்டும் என்று நம்புவோர் பலர். அந் நம்பிக்கையைப் பொய்ப்பித்தவர் சப்பானிய ஏவூர்தியியலின் தந்தை இதேயோ இத்தோக்காவா (1912–1999).

தோக்கியோப் பேரரசுப் பல்கலைக்கழகத்தில் வானூர்திப் பொறியியல் கற்று 1935இல் தேறிய அவர், நகாசிமா வானூர்தித் தொழிலகத்திற் சேர்ந்தார். 'அயபுசா', அஃதாவது இராசாளி, என்னும் போர்வானூர்தியின் வடிவமைப்பில் அவர்க்கும் பங்குண்டு. 1945இல் சப்பான் தோற்றது. வானூர்தி ஆய்வே அங்குத் தடைசெய்யப்பட்டது. கற்ற தொழிலுக்கு வழியில்லை. எனினும் அவர் கைகட்டி அமர்ந்தாரல்லர். மூளையலை அளக்கும் மருத்துவக் கருவியை ஆய்ந்தார். ஒலியியல் ஆய்ந்து நரம்பிசைக் கருவியும் செய்தார்.

1952இல் தடை நீங்கிற்று. 1955 ஏப்பிரல் 12ஆம் நாள், தோக்கியோவை அடுத்த கொக்குபுஞ்சியில் அவர்தம் குழுவினர் ஊரறியச் செலுத்திக் காட்டிய ஏவூர்தியின் நீளம் 23 செ.மீ.; எடை ஏறத்தாழ 200 கிராம். கரிக்கோல் என்பதே அதன் பெயர். மேலே செலுத்தினால் பின்தொடர்ந்து அளக்கக் கருவியில்லை. என் செய்தார்? கிடைமட்டமாகச் செலுத்தினார்; வழியில் தாள்திரைகளை வரிசையாக நிறுத்தி, அவை கிழிபடும் நேரங்கொண்டு விரைவைக் கணித்தார். இல்லாமையே வழிகாட்டிற்று! மூன்றே ஆண்டுகளில், 1958இல், அக் குழுவின் 'காப்பா' ஏவூர்தி ஏறத்தாழ 60 கி.மீ. உயரம் எட்டி மேல்வளியை ஆய்ந்தது.

வெற்றி தொடர்ந்ததா? இல்லை. செயற்கைக்கோள் செலுத்தும் முயற்சி 1966, 1967ஆம் ஆண்டுகளில் மும்முறை தோற்றது. செய்தித்தாள்கள் கடிந்தன. 1967இல் அவர் பல்கலைக்கழகப் பணியைத் துறந்தார். 1969இல் நான்காம் முயற்சியும் தோற்றது. அவர் உருவாக்கிய குழுவினரோ தளர்ந்திலர். 1970 பிப்பிரவரி 11ஆம் நாள், ஏறத்தாழ 24 கி.கி. எடையுள்ள 'ஓசுமி' உலகைச் சுற்றலாயிற்று. தன் ஏவூர்தியால் செயற்கைக்கோள் செலுத்திய நான்காம் நாடாயிற்று சப்பான். அந் நான்கு தோல்விகள் கற்பித்ததை எச் சந்தையிலும் விலைகொடுத்து வாங்கவியலாது.

2003இல் சிறுகோள் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. பழைய போர்வானூர்தியின் பெயரையே தாங்கிய 'அயபுசா' ஆய்கலம் 2005இல் அதனை அடைந்து, அதன் நுண்துகள்களை 2010இல் நிலவுலகிற்குக் கொணர்ந்தது. கொல்லப் பறந்த இராசாளியின் பெயர் கற்கப் பறந்த கலத்திற்காயிற்று. அறிவு எப்பக்கம் நிற்கவேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இளையோரே! கருவியில்லை, பொருளில்லை என்று நாள் கழிக்கற்க. தொடக்கம் ஒரு சாணே ஆயினும் அது நும் கையால் ஆகுக. நும் காலத்தில் முடியாதது நீவிர் பயிற்றியோர் காலத்தில் முடியும்.