கீதாகிட்ட கேட்டாங்களா?

வேலைக்கே போகாமல் 'மானேஜர்' என்று வீட்டில் பீலா விடும் ஆசாமிகளுக்கெல்லாம் குலதெய்வம், நம்ம தங்கவேலு. 'மன்னார் அண்ட் கம்பெனி' என்று ஒரு கம்பெனி கிடையவே கிடையாது. ஆனாலும் 1959-ல் 'கல்யாண பரிசு' வந்த நாளிலிருந்து நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த கம்பெனி அதுதான்! அவருடைய புளுகை நம்புகிற மனைவியாக வந்த எம்.சரோஜா, நிஜ வாழ்க்கையிலும் அவரையே கல்யாணம் செய்துகொண்டார். (பொய் சொன்னால் பெண் கிடைக்கும் என்று யாரும் புறப்பட்டுவிடாதீர்கள், ப்ளீஸ்!)

சிரிக்கலாம் என்று உட்கார்ந்தால் அழ வைத்து அனுப்பும் படம் அது. போன மாசம் நாலு பேர் மணிமுத்தாறு போயிருந்தோம். அருவியில் வெள்ளம். குளியல் கேன்சல். அணைக்கட்டைச் சுற்றிவிட்டு நண்பன் வீட்டுக்கு வந்து டி.வி. முன்னால் சாய்ந்தால், 'கல்யாண பரிசு'! கூடவே நண்பனின் ஆச்சியும் வந்து உட்கார்ந்தார். ஐம்பதுகளில் அந்த அணையைக் கட்டினபோது, மண் சுமந்த அப்பாவுக்குத் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுபோன சிறுமி. இந்தப் படத்தை அம்பாசமுத்திரத்துக்கு வண்டி கட்டிப் போய்ப் பார்த்தாராம்.

படம் பார்க்காத இளவட்டங்களுக்காகக் கதைச் சுருக்கம். பாஸ்கர் (ஜெமினி), வசந்தி (சரோஜாதேவி) - காதல். வசந்தியின் அக்கா கீதா (விஜயகுமாரி), தையல் மிஷினை மிதித்து வீட்டைக் காப்பாற்றுகிறவள். விஷயம் தெரியாமல் அவளும் பாஸ்கர் மேல் ஆசைப்படுகிறாள். தங்கச்சி உடனே தியாகி ஆகிறாள். 'அக்காவைக் கட்டிக்குங்க' என்கிறாள். இவரும் கட்டிக்கொள்கிறார். தாலி இங்கே, நினைப்பு அங்கே. குழந்தை பிறக்கிறது. கீதா நோயில் படுக்கிறாள். ஒத்தாசையாக இருக்கும் தங்கை மேல் சந்தேகம் வந்து வார்த்தையைக் கொட்ட, வசந்தி வீட்டை விட்டே போய்விடுகிறாள். உண்மை தெரிந்தபோது கீதாவுக்கு ஆயுசு பாக்கி இல்லை.

இதை எழுதி இயக்கியபோது ஸ்ரீதருக்கு வயசு 25. இயக்குநராக முதல் படம். அந்த வயசில் நாமெல்லாம் அரியர்ஸ் எழுதிக்கொண்டிருந்தோம்!

தீபாவளிப் பாட்டு வந்தது. முதலில் சுசீலா குரலில் மத்தாப்பு மாதிரி. அப்புறம் அதே மெட்டு, ஏ.எம்.ராஜாவின் சோகக் குரலில். எங்களில் ஒருத்தன் மூக்கை உறிஞ்சினான்.

''ஜெமினி பாவம்லா...''

''எவம்ல பாவம்?'' என்றார் ஆச்சி. ''அவனுக்கு அழுவதுக்குப் பாட்டு இருக்கு. சின்னவளுக்குத் தியாகின்னு பேரு இருக்கு. மூத்தவளுக்கு என்னல இருக்கு? ரெண்டு பேருமாச் சேந்து முடிவு பண்ணுனாவள்ளா, அவகிட்ட ஒரு வார்த்த கேட்டாவளா?''

ஒருத்தரும் மூச்சு விடவில்லை. யோசித்தால் வாஸ்தவம்தான் ஸார். முன்னாடியே சொல்லியிருந்தால், வீட்டுக்காகத் தையல் மிஷினில் தேய்ந்த அந்தப் பெண், 'அடி அசடே, நீயே கட்டிக்கோ' என்று அவளே முன்னால் நின்று கல்யாணத்தை நடத்தியிருப்பாள். கேட்காமல் பாதி புருஷனைக் கையில் கொடுத்தார்கள். அவள் சந்தேகப்பட்டதும் முழுத் தப்பில்லை. புருஷனின் மனசு வேறெங்கோ இருக்கிறது என்பதைச் சரியாகத்தான் மோப்பம் பிடித்தாள். ஆனால், குற்றவாளி மாதிரி துடித்துச் சாவது அவள்தான். விஜயகுமாரி அதில் பிரமாதம். என்னைக் கேட்டால், படத்தில் முதல் மார்க் அவருக்கு. 2025 ஜூலையில் சரோஜாதேவி காலமானபோது எனக்குத் தெரிந்தவர்களெல்லாம் அந்த சைக்கிள் டூயட்டைத்தான் செல்போனில் அனுப்பினார்கள். கீதாவை அனுப்ப ஆளில்லை.

க்ளைமாக்ஸ் தெரியுமில்லையா? வசந்திக்கு ரகுவோடு (நாகேஸ்வரராவ்) கல்யாணம். தாயில்லாப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் பாஸ்கர், அதையே கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுகிறார். 1960-ல் தெலுங்கில், 1961-ல் ராஜ்கபூரை வைத்து இந்தியில் என்று இதே கதையை எடுத்து ஊர் ஊராக அழவிட்டார்கள். ஆச்சி மட்டும் அசரவில்லை. ''மாப்பிள்ளையக் கேட்டாவளா? அந்தப் பச்சப்புள்ளையக் கேட்டாவளா?''

எங்கள் செக்‌ஷனில் ஒரு நண்பர் இருக்கிறார். கல்யாணமாகி ஆறு வருஷம். காலேஜ் காதலியின் போட்டோ இன்னும் பர்ஸில். டீ டயத்தில் அதை எடுத்துக் காட்டிப் பெருமூச்சு விட்டால்தான் அவருக்கு டீ இறங்கும். நாங்களும் 'ச்சொ... ச்சொ' கொட்டுவோம். திங்கட்கிழமை ஆச்சி சொன்னதை அவரிடம் சொன்னேன்.

''என் வொய்ஃபுக்கு இதெல்லாம் தெரியாது ஸார்'' என்றார்.

''கீதாவுக்கும் தெரியாதுதானே?''

''போங்க ஸார், உங்ககிட்டப் போய்ச் சொன்னேன் பாருங்க!'' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் டீக்கு ஆளைக் காணோம். விசாரித்தால், பர்மிஷன் போட்டுவிட்டு நாலு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பிவிட்டாராம்.