கண்ணாடி பிலிமும் காணாமல் போன டவரும்

(மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை, இரண்டாம் ஆண்டு மாணவன்)



ஆண்டு மலருக்குப் படைப்புகள் கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு வந்ததும் நண்பர்கள் பலர் கவிதை எழுதப் போய்விட்டார்கள். எனக்குக் கவிதை வராது. நான் எழுதப்போவது ஜன்னல் கண்ணாடியில் ஒட்டும் சன் பிலிம் பற்றி. "இதெல்லாம் ஒரு தலைப்பாடா?" என்று சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்த பிலிமால்தான். நான் கட்டிய பரீட்சை பீஸும் அதில் வந்ததுதான்.

என் அப்பா பிலிம் ஒட்டும் தொழிலாளி. ஐந்தாவதோடு நின்றவர். முதலில் கார்களுக்கு ஒட்டிக்கொண்டிருந்தார். 2012 ஏப்ரலில், கார் கண்ணாடியில் பிலிம் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கார் வேலை படுத்துவிட்டது. அப்பா வீடு, ஆபீஸ் ஜன்னல்களுக்கு மாறினார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

நடந்தது என்ன?

போன கோடை விடுமுறையில் மதுரை பைபாஸ் ரோட்டில் ஓர் ஆபீசுக்கு அப்பா பிலிம் ஒட்டினார். மேற்குப் பார்த்த ஜன்னல்கள். மத்தியானம் ஆனால் உள்ளே அனல். உரிமையாளர் சாம்பிள் புத்தகத்தைப் புரட்டி, வெளியிலிருந்து பார்த்தால் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி பளபளக்கும் வெள்ளி நிற பிலிமைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு நாளில் வேலை முடிந்தது. உள்ளே நன்றாகவே குளிர்ந்தது.

மூன்றாம் நாள் போன் வந்தது. "என்னய்யா ஒட்டிட்டுப் போன? உள்ள டவரே எடுக்கல. பேசுனா கட் ஆகுது. வந்து கிழிச்சுட்டுப் போ. கூலி கிடையாது." நிற்கவேண்டிய கூலி 3,500 ரூபாய்.

அன்று ராத்திரி அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "இத்தனை வருசமா ஒட்டுறேன். கண்ணாடி வழியா வெளிச்சமே வருது, டவர் வராதா? அந்தாளு கூலிய அமுக்கப் பாக்குறாரு. நீதான் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறியே தம்பி, நீ சொல்லு" என்றார்.

நண்பர்களே, எனக்குப் பதில் தெரியவில்லை! டெசிபல் என்றால் என்ன என்று பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியவன் நான். அப்பா கேட்ட ஒரு கேள்விக்கு முன்னால் திருதிருவென்று விழித்தேன்.

அளந்து பார்த்தேன்

மறுநாள் அப்பாவோடு நானும் போனேன். அப்பா பக்கம்தான் நியாயம் என்று நிரூபிக்க வேண்டும் என்பதே என் எண்ணம். பெரிய கருவி எதுவும் என்னிடம் இல்லை. செல்போன் செட்டிங்ஸில் 'அபௌட் போன்' பகுதிக்குள் போய் சிம் நிலையைத் திறந்தால், பல போன்களில் சிக்னல் எத்தனை டி.பி.எம். என்று எண்ணாகவே காட்டும். அது மைனஸ் எண். மைனஸுக்குப் பின்னால் உள்ள எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் குறைகிறது என்று பொருள்.

ஒரே மேஜை, ஒரே போன். ஜன்னலைத் திறந்து வைத்துப் பத்து முறை, மூடி வைத்துப் பத்து முறை குறித்து சராசரி எடுத்தேன். திறந்திருந்தபோது மைனஸ் 86. மூடியபோது மைனஸ் 103. வித்தியாசம் 17 டெசிபல். அதாவது சிக்னலின் சக்தி ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்காகிவிட்டது! பக்கத்து அறையில் பிலிம் ஒட்டாத ஜன்னலையும் திறந்து மூடிப் பார்த்தேன். வித்தியாசம் 2 டெசிபல்தான்.

பிறகு அப்பாவின் பையில் கிடந்த துண்டு பிலிம்களை எடுத்தேன். சாயம் மட்டும் ஏற்றிய கறுப்பு பிலிமை இடைவெளி இல்லாமல் போனைச் சுற்றிப் பிடித்தேன். எண் அசையவே இல்லை. வெள்ளி பிலிமைச் சுற்றினேன். எண் மளமளவென்று இறங்கியது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் பேசவில்லை. அவருக்காக வாதாடப் போனவன், அவர் சொன்னது தப்பு என்று கண்டுபிடித்துவிட்டேன். அந்த நிமிஷம் என் மனசு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஏன் இப்படி?

கறுப்பு பிலிமில் இருப்பது சாயம். அது வெளிச்சத்தைக் குடிக்கும், ரேடியோ அலையைத் தடுக்காது. வெள்ளி பிலிமில் மிக மெல்லிய உலோகப் பூச்சு இருக்கிறது. வெளிச்சத்தில் ஒரு பங்கு அதன் வழியே வந்துவிடும். ஆனால் செல்போன் அலைக்கு அது ஒரு கடத்தித் தகடு. அலை பட்டதும் பூச்சில் மின்னோட்டம் ஓடி, பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மைக்ரோவேவ் அடுப்பின் கதவு வழியே உள்ளே இருப்பது தெரிகிறது, அலை மட்டும் வெளியே வருவதில்லை அல்லவா? அதுபோலத்தான்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். பூச்சின் தடை சதுரத்துக்கு 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வெற்றிடத்தில் அலைக்குள்ள இம்பீடன்ஸ் 377 ஓம். 377-ஐ 20-ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, அதன் லாக் மதிப்பை 20-ஆல் பெருக்கினால் சுமார் 26 டெசிபல் வருகிறது. ஏறத்தாழ நானூறில் ஒரு பங்குதான் உள்ளே வரும். எனக்குக் கிடைத்தது 17. சுவர், கதவு, இடுக்கு என்று மற்ற வழிகளில் கொஞ்சம் நுழைந்துவிடுகிறது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் வைத்தேன், ஓபன் சர்க்யூட் என்றது. உலோகம் இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே இருந்ததால் முள் அதில் படவில்லை.

இன்னொன்று. சிக்னல் குறைந்தால் போன் அதிக சக்தியோடு டவரைத் தேடும். பேட்டரி சீக்கிரம் தீரும். இதற்குப் பயந்து சிலர் ஆன்லைனில் பூஸ்டர் வாங்கி மாட்டுகிறார்கள். அனுமதியில்லாத பூஸ்டர் சட்டப்படி குற்றம். பக்கத்துத் தெருக்காரர் சிக்னலையும் அது கெடுக்கும்.

என் கருத்து

பிலிமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மதுரை வெயிலில் மேற்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். உலோகம் கலக்காத பிலிமும் கிடைக்கிறது. வெயில் படாத பக்கத்து ஜன்னலைச் சும்மா விட்டாலும் அலை உள்ளே வரும். சுவிட்சர்லாந்தில் ரயில் கண்ணாடிகளின் உலோகப் பூச்சில் லேசர் கொண்டு மெல்லிய கோடுகள் கீறி, வெப்பத்தைத் தடுத்தபடியே செல்போன் அலையை உள்ளே விட வழி செய்திருக்கிறார்கள். வழி இல்லாமல் இல்லை. வாங்குகிற ஆளிடம் சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

அப்பாவிடம் உள்ள விளம்பரத் தாள்களில் வெளிச்சம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, புற ஊதாக் கதிர் எவ்வளவு என்றெல்லாம் சதவீதம் போட்டிருக்கிறது. சிக்னல் எத்தனை டெசிபல் குறையும் என்ற வரி ஒன்றில்கூட இல்லை. அந்த ஒரு வரியை அச்சடிக்க என்ன செலவாகிவிடும்? அச்சடிக்காத வரிக்காகக் கூலியை இழந்தவர் ஒட்டிய தொழிலாளிதானே? தயாரித்தவர் ஒன்றும் இழக்கவில்லை. விற்றவரும் இழக்கவில்லை. பிலிமில் உலோகம் இருந்தால் அதைத் தாளில் சொல்ல வேண்டும், டெசிபல் கணக்கையும் சொல்ல வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அந்த ஆபீசில் என்ன ஆனது? நான் குறித்த நோட்டை உரிமையாளரிடம் காட்டினேன். "சார், பிலிம்தான் காரணம், உண்மை. ஆனா இது அப்பா வேலையில வந்த கோளாறு இல்ல. உலோக பிலிமோட குணம்" என்றேன். அவர் இரண்டு முறை ஜன்னலைத் திறந்து மூடி, தன் போனிலேயே பார்த்துக்கொண்டார். இரண்டு ஜன்னலில் மட்டும் உரித்துவிட்டு உலோகம் இல்லாத பிலிமை ஒட்டிக் கொடுத்தோம். அந்த பிலிமின் விலையைப் பிடித்துக்கொண்டு மீதிக் கூலியைக் கொடுத்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது, "நான் தெரியாம அவர்கிட்ட சத்தம் போட்டுட்டேன்ல" என்று மட்டும் அப்பா சொன்னார். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பிலிம் துண்டை வாடிக்கையாளர் போனில் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் ரோலைப் பிரிக்கிறார்.

நண்பர்களே! நம்மில் எத்தனை பேர் வீட்டில் வயரிங் செய்பவர், வெல்டிங் செய்பவர், மோட்டார் கட்டுபவர் இருக்கிறார்கள்! அவர்களிடமும் பதில் தெரியாத கேள்வி ஒன்று இருக்கும். இன்றைக்கே வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் லேபுக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து அளப்போம்!