வீட்டுத் தோட்டம்: நாற்றுக்கு வெயில் பழக்குங்கள்

"என் கைக்குச் செடியே வராதுங்க. ஜன்னலோரம் தளதளன்னு இருந்த தக்காளி நாற்று, மாடியில் வெச்ச மறுநாளே வெளுத்துப் போச்சு" என்று குறைப்பட்டுக்கொள்ளும் சகோதரிகள் பலர். இதற்கும் கைராசிக்கும் சம்பந்தமே இல்லை. நாற்றுக்கு வெயில் பழக்கவில்லை, அவ்வளவுதான்!

வீட்டுக்குள் வளர்ந்த நாற்றின் இலை மெல்லிசாக இருக்கும். ஈரம் போகாமல் காக்கும் மெழுகுப் பூச்சு அதன்மேல் சரியாகப் படிந்திருக்காது. காற்றே படாததால் தண்டும் நோஞ்சானாக நீண்டிருக்கும். அதைத் திடீரென்று வெயிலில் வைத்தால், வேர் உறிஞ்சுகிற தண்ணீரைவிட இலை இழக்கிற தண்ணீர் அதிகமாகிவிடும். பாவம், துவண்டு கருகாமல் என்ன செய்யும்?

ஆனியில் விதைத்து ஆடிப்பட்டத்தில் நடுகிறவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். தக்காளி நாற்று சுமார் 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் சுமார் 40 நாளிலும் நடவுக்குத் தயாராகும். நடுவதற்கு 10 நாள் முன்பே பழக்க ஆரம்பியுங்கள்.

முதல் 2 நாள்: காலையில் பிள்ளைகளுக்கு டிபன் செய்யும்போது வெளியே வையுங்கள். அவர்கள் பள்ளிக்கூடம் கிளம்பியதும் நிழலுக்கு எடுத்துவிடுங்கள். ஒரு மணி நேர இளவெயில் போதும்.

3, 4-ம் நாள்: காலை 10 மணி வரை.

5 முதல் 7-ம் நாள் வரை: காலை 11 மணி வரை, பிறகு மாலை 4 மணிக்கு மேல்.

8-ம் நாளிலிருந்து: பகல் முழுவதும். கடைசி இரண்டு இரவும் வெளியிலேயே இருக்கட்டும்.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், நாற்று எம்மாத்திரம்? லேசான காற்று தண்டுக்கு உரம் ஏற்றும். பலமாக அடித்தால் சுவரோரம் ஒதுக்கி வையுங்கள். பெரு மழையிலும் அப்படியே விட்டுடாதீங்க.

இந்த நாட்களில் தண்ணீரைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். மேல் மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். வாடும்படி விடக் கூடாது. உரமும் வேண்டாம். உரம் போட்டால் இளந்தளிராகக் கிளம்பும். அது வெயிலைத் தாங்காது.

நடுகிற அன்று, சில மணி நேரம் முன்பே நன்றாகத் தண்ணீர் விட்டு, வெயில் தாழ்ந்ததும் நடுங்கள். தக்காளியை மட்டும் தண்டு கொஞ்சம் புதையும்படி ஆழமாக நடலாம். புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும். இரண்டு மூன்று நாள் உச்சி வெயிலுக்குத் தென்னங்கீற்றோ வேப்பங்கொத்தோ சாய்த்து வையுங்கள்.

நர்சரியில் பச்சை வலைக்கடியில் வளர்ந்த நாற்றை வாங்கினாலும், நாலைந்து நாளாவது இப்படிப் பழக்கி நடுவது நல்லது. வெண்டை, அவரை, கொத்தவரைக்கு இந்தச் சிரமமே இல்லை. நேரே விதை ஊன்றிவிடலாம்.

ஏற்கெனவே வெளுத்துவிட்டதா? உடனே பிடுங்கி எறியாதீர்கள். வெளுத்த இலை பச்சையாகாதுதான். ஆனால் நடுக்குருத்து பசுமையாக இருந்தால் நிழலில் வைத்து, அளவாகத் தண்ணீர் காட்டுங்கள். புதுத் துளிர் வந்ததும் முதல் நாள் கணக்கிலிருந்து மறுபடி பழக்கலாம். ஒரு மாத உழைப்பு வீணாகாது.